அகதியின் கடையும் அம்மாவின் தோசைக் கடையும்

(கிள்ளான் வட்டாரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பொது மண்டபத்தில் நடந்த ஞாயிறு சந்திப்பில், அகதிகளின் சிறுதொழில் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுவதும் தொழிற்சாலையிலும் லோரியிலும் உழைத்துவிட்டு ஓய்வெடுக்க வேண்டிய நாள். அதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் பெரிய பெரிய வார்த்தைகளைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணடிக்க மாட்டேன். பல்கலைக்கழகத்தில் பேசுகிற மாதிரி இங்கே பேசப் போவதும் இல்லை.

என் ஆய்வின் தலைப்பு இதுதான்: சொந்த இடத்திலிருந்து விரட்டப்பட்ட மனிதர்கள், வந்த இடத்தில் எப்படிச் சிறு வியாபாரம் செய்து பிழைக்கிறார்கள்? குறிப்பாக, நம் நாட்டில் உள்ள மியன்மார் அகதிகள்.

இதை நான் வீட்டில் சொன்ன அன்று என் அம்மா என்னிடம் பேசவே இல்லை. மறுநாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டார். "நம்ம கதைய எழுத ஆளில்ல. தோட்டத்த விட்டு நம்மள தொரத்துனத எவனும் எழுதல. நீ படிச்சி பெரிய ஆளாகி அவன் கதையவா எழுதப் போற?"

நியாயமான கேள்வி. உங்களில் பலர் மனதிலும் இதே கேள்வி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்றைய என் பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு நான் சொல்லும் பதில்தான். பதில் சரியா இல்லையா என்பதைக் கடைசியில் நீங்கள் சொல்லுங்கள்.

யார் இந்த அகதி?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். உலக நாடுகள் 1951-இல் அகதிகள் ஒப்பந்தம் ஒன்றைச் செய்தன. 1967-இல் அதை விரிவுபடுத்தின. மலேசியா இரண்டிலும் கையெழுத்திடவில்லை. நம் நாட்டின் 1959/63 குடிநுழைவுச் சட்டத்தில் அகதிக்கென்று தனி இடம் எதுவும் இல்லை. உயிருக்குப் பயந்து ஓடி வந்தவனும் சரி, பெர்மிட் இல்லாமல் சம்பாதிக்க வந்தவனும் சரி, அந்தச் சட்டத்தின் 6-ஆவது பிரிவுக்கு முன்னால் ஒன்றுதான். 10,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, 6 பிரம்படி வரை தண்டனை கொடுக்கலாம்.

ஐ.நா. அகதிகள் ஆணையம் 1975 முதல் இங்கே இயங்குகிறது. வியட்நாம் படகு மக்கள் வந்த காலம் அது. திரெங்கானு கடலில் பூலாவ் பீடோங் என்ற சிறு தீவு முகாமாக்கப்பட்டு, 1978-இலிருந்து 1991 வரை அந்த வழியாக ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். இன்று அந்த ஆணையத்தில் பதிவு பெற்றவர்கள் சுமார் 2 லட்சம் பேர். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். அதிலும் பாதிக்கு மேல் ரோஹிங்யா மக்கள். பாகிஸ்தான், ஏமன், சோமாலியா, ஆப்கானிஸ்தான் என்று பிற நாட்டவரும் உண்டு. இலங்கைப் போருக்குத் தப்பி வந்த நம் தமிழர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். மறந்துவிட வேண்டாம்.

இவர்களிடம் ஐ.நா. அட்டை இருக்கும். அந்த அட்டை இருந்தாலும் சட்டப்படி வேலை செய்ய முடியாது. கடை வைக்க உரிமம் கிடையாது. வங்கிக் கணக்குத் திறப்பது மிகக் கடினம். பிள்ளைகளை அரசாங்கப் பள்ளியில் சேர்க்க முடியாது. அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவருக்கான கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. ஆனால் அந்தப் பாதியே ஒரு பிரசவத்துக்கு ஒரு குடும்பத்தைக் கடனில் மூழ்கடிக்கப் போதும்.

முகாம் இல்லை, உதவித் தொகை இல்லை, வேலை செய்ய அனுமதியும் இல்லை. அப்படியானால் 2 லட்சம் பேர் எப்படிச் சாப்பிடுகிறார்கள்? என் ஆய்வு தொடங்குவது இந்த இடத்தில்தான்.

பர்மாவில் நாம்

இங்கே நான் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். ரோஹிங்யா மக்களை விரட்டிய அதே நாடு, அதற்கு முன்பே நம்மை விரட்டியிருக்கிறது.

வெள்ளைக்காரன் நம் தாத்தாக்களை மலாயாவுக்குக் கப்பல் ஏற்றிய அதே காலத்தில், பர்மாவுக்கும் ஏற்றினான். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் 10 லட்சம் இந்தியர்கள் இருந்தார்கள். தலைநகர் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகக் கூலி, ரிக்‌ஷா இழுப்பவர், நெல் ஆலைத் தொழிலாளி, குமாஸ்தா, கடைக்காரர் எனப் பல வகையினர். வட்டித் தொழில் செய்த செட்டியார்களும் இருந்தார்கள். இதை மறைத்துப் பேசுவது சரியல்ல. நெல் விலை சரிந்த காலத்தில் கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயியின் நிலம் அவர்கள் கைக்குப் போனது. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1938-இல் 25 சதவீதமானது. பர்மியரின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தக் கோபம் விழுந்தது யார் தலையில்? ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கூலிகளின் தலையில்.

1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது நான்கைந்து லட்சம் இந்தியர்கள் காட்டு வழியாக அஸ்ஸாமுக்கும் வங்காளத்துக்கும் நடந்தார்கள். வழியில் பசியாலும் காய்ச்சலாலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். போர் முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். 1962-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964-இல் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஒரே நாளில் கல்லாப்பெட்டியும் காலி, கடையும் போயிற்று. அந்தப் பத்தாண்டில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்திலிருந்து கையில் ஒரு பெட்டியுடன் கப்பலேறிச் சென்னையில் இறங்கினார்கள்.

நம்மை வெளியேற்றிய பிறகு அந்த ஆட்சி சும்மா இருக்கவில்லை. 1982-இல் புதிய குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அங்கீகரித்த இனங்களின் பட்டியலில் ரோஹிங்யா பெயர் இல்லை. பிறந்த மண்ணில் நாடற்றவர் ஆனார்கள். 1978-இலும் 1991-92-இலும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கு மேல் ஓடினார்கள். இடையில் ஆட்கடத்தல்காரர் படகில் ஏறி இங்கே வந்தவர்களின் கதி என்ன? 2015 மே மாதம் பெர்லிஸில் வாங் கெலியான் காட்டில் 139 புதைகுழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. நம் நாட்டு மண்ணில், நம் எல்லைக்குள்.

பர்மா பஜார்

சென்னையில் இறங்கிய அந்தப் பர்மாத் தமிழர்கள் என்ன ஆனார்கள்? உங்களில் சென்னைக்குப் போய் வந்தவர்களுக்குப் பர்மா பஜார் தெரிந்திருக்கும். கடற்கரை ரயில் நிலையம் பக்கத்தில், ராஜாஜி சாலை ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். வானொலிப் பெட்டி, கைக்கடிகாரம், சென்ட், பிறகு கேசட், சி.டி., இப்போது கைப்பேசி. கள்ளச் சரக்கு விற்கிற இடம் என்ற கெட்ட பெயரும் அதற்கு உண்டு. ஆனால் அது எப்படி வந்தது என்று பலருக்குத் தெரியாது. பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் பிழைப்பதற்காக 1969-இல் தமிழ்நாடு அரசு ஏற்படுத்திக் கொடுத்த கடைத்தெரு அது.

அந்தப் பக்கத்திலேயே மாலை நேரத்தில் தள்ளுவண்டியில் அத்தோ என்று ஒன்று விற்பார்கள். பர்மா நூடுல்ஸ். கூடவே வாழைத்தண்டு சூப். ஊரை இழந்தவர்கள் கையோடு கொண்டு வந்தது சமையல் கைப்பக்குவம் ஒன்றுதான். அதையே விற்றார்கள். இன்று சென்னைப் பிள்ளைகள் அதைத் தங்கள் ஊர்ச் சாப்பாடாகவே நினைத்துச் சாப்பிடுகிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பர்மாத் தமிழர்கள் பிழைத்துக்கொண்டது அவர்கள் சாமர்த்தியத்தால் மட்டும் அல்ல. கப்பலிலிருந்து இறங்கியதும் அவர்களை ஓர் அரசாங்கம் தன் மக்கள் என்று ஏற்றுக்கொண்டது. எல்லாருக்கும் நல்லது நடந்தது என்று சொல்ல மாட்டேன். குடிசையிலேயே காலம் தள்ளியவர்கள் ஏராளம். ஆனாலும் அவர்கள் கடை வைத்தால் அது கடை. போலீஸ் வந்தால் ஓட வேண்டியதில்லை.

ஐந்து நிமிடக் கடை

இனி நம் ஊருக்கு வருவோம். கோலாலம்பூருக்கு வடக்கே ஒரு சந்தைப் பகுதியில் நான் பல மாதங்கள் போய் உட்கார்ந்தேன். அங்கே ஒரு ரோஹிங்யா பெரியவர். பாய் என்றுதான் கூப்பிடுவேன். மலாய் நன்றாகப் பேசுவார். வெங்காயம், பூண்டு, இஞ்சி, காய்ந்த மிளகாய் விற்கிறார். மனைவி வீட்டில் பூண்டு உரித்துப் பொட்டலம் கட்டித் தருவார்.

"பாய், இத்தனை வருஷம் வியாபாரம் செய்கிறீர்கள், ஏன் கடை பெரிதாகவில்லை?" என்று ஒரு நாள் கேட்டேன். அவர் சிரித்தார். தன் மேசையைக் காட்டினார். அடியில் சக்கரம். பலகையைச் சுற்றி நான்கு மூலையும் கட்டிய தார்ப்பாய். "ஐந்து நிமிடம்" என்றார். அதாவது, சோதனை வருகிறது என்று செய்தி வந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கட்டித் தள்ளிக்கொண்டு போய்விட வேண்டும். ஐந்து நிமிடத்தில் கட்ட முடியாத சரக்கு அவருக்கு வேண்டாம். குளிர்பதனப் பெட்டி வேண்டாம், தராசு கூடச் சின்னதுதான்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அகதியின் கடை அவன் எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்று பார்த்து வளர்வதில்லை. எவ்வளவு இழந்தால் தாங்க முடியும் என்பதுதான் அவனுடைய அளவுகோல். புத்தகங்களில் அகதிகளைப் பெரிய தொழில்முனைவோர் என்று புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். புகழ்ச்சி தப்பில்லை. ஆனால் வேறு வழியில்லாமல் கடை வைத்தவனை ஆசைப்பட்டுக் கடை வைத்தவன் மாதிரி பேசக்கூடாது.

முதல் எங்கிருந்து வருகிறது? வங்கி கொடுக்காது. பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒரு தொகை போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுத்துக்கொள்கிறார்கள். என்ன சிரிக்கிறீர்கள்? ஆமாம், நம் கூட்டுதான்! தோட்டத்தில் நம் பாட்டிகள் பிடித்த அதே கூட்டு. உங்களுக்கு ஒரு செய்தி. கூட்டு நிதியை வியாபாரமாக நடத்துவதைத் தடை செய்ய இந்த நாட்டில் 1971-இல் ஒரு சட்டம் போட்டார்கள். சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் தமிழ்ச் சொல் இருக்கிறது. வங்கி கதவைத் திறக்காத மக்கள் எந்த நாட்டில், எந்த மொழி பேசினாலும் இதே வழியைத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

உரிமம் எங்கிருந்து வருகிறது? உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் உரிமம் இருக்கும். அவருக்கு மாதா மாதம் பணம் போகும். இதை இந்த நாட்டில் நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். அந்த உள்ளூர்க்காரர் மலாய்க்காரராக இருக்கலாம், சீனராக இருக்கலாம். நம் ஆளாகவும் இருக்கலாம். இதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்? அவர் திடீரென்று வாடகையை ஏற்றினால் அகதி எங்கே போய் முறையிடுவான்? சரக்கையே பிடுங்கிக்கொண்டு "போ" என்றால் யாரிடம் சொல்வான்? பணத்தை வங்கியில் போட முடியாததால் வீட்டில்தான் வைக்கிறான். அது திருடர்களுக்கும் தெரியும். திருடு போனால் காவல் நிலையத்துக்குப் போக அவனுக்குத் துணிவு வருமா?

நம் வீட்டுக் கதை

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

நான் பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டினார். அம்மாவும் வெட்டுக்காட்டுக்குப் போனார். லயத்துக்குப் பின்னால் மரவள்ளி, முருங்கை, இரண்டு மாடு. மாட்டுப் பாலை விற்ற காசில்தான் அண்ணனுக்கும் எனக்கும் பள்ளிச் சீருடை. தொண்ணூறுகளின் கடைசியில் தோட்டம் கைமாறியது. வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது என்றார்கள். ஏதோ ஒரு தொகையைக் கொடுத்து, தற்காலிகம் என்று சொல்லி ரூமா பாஞ்சாங்கில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தத் தற்காலிகம் பல வருடம் நீண்டது. மாட்டை விற்றோம். கோயிலை உடைத்தார்கள். 1980 முதல் 2000 வரை இப்படித் தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட இந்தியர்கள் 3 லட்சம் பேர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இந்த மண்டபத்தில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் இருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும்.

அடுக்குமாடிக்கு வந்த பிறகு அப்பாவுக்குப் பாதுகாவலர் வேலை. சம்பளம் போதவில்லை. அம்மா கீழே கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு கேஸ் அடுப்பு வைத்துத் தோசை சுட ஆரம்பித்தார். உரிமம் இல்லை. மனுப் போட்டார், பதில் வரவில்லை. ஒரு நாள் காலை அமலாக்க அதிகாரிகள் லோரியில் வந்து மேசை, அடுப்பு, மாவுப் பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாவு ரோட்டில் ஊற்றியது இன்றும் கண்ணில் நிற்கிறது. அடுத்த மாதம் அம்மா மடக்கு மேசை வாங்கினார். "சீக்கிரமா மடக்கிரலாம்" என்றார்.

பாய் தன் மேசைச் சக்கரத்தைக் காட்டிய அன்று எனக்கு ஞாபகம் வந்தது அந்த மடக்கு மேசைதான்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. என் அம்மாவிடம் நீல அடையாள அட்டை இருந்தது. மேசை போனது, ஆள் போகவில்லை. பாயைப் பிடித்தால் மேசையோடு அவரையும் ஏற்றுவார்கள். தடுப்பு முகாமில் எத்தனை மாதம், எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நம்மிலேயே சிவப்பு அடையாள அட்டையோடு, அல்லது பிறப்புப் பத்திரமே இல்லாமல், இங்கேயே பிறந்து இங்கேயே கிழவராகிப் போனவர்கள் இருக்கிறார்களே! அவர்களுக்கு வங்கிக் கடன் கிடைத்ததா? கடை உரிமம் கிடைத்ததா? தாள் இல்லாதவன் படும் பாடு நமக்குத் தெரியாத பாடு அல்ல.

பர்மா பஜார்க்காரருக்கு இடமும் கொடுத்தார்கள், தாளும் இருந்தது. நமக்குத் தாள் இருந்தது, இடம் கொடுக்கவில்லை. பாய்க்கு இரண்டுமே இல்லை. மூவரிடமும் உழைப்பு ஒன்றுதான். என் முனைவர் பட்ட ஆய்வின் சுருக்கம் இவ்வளவுதான். இதைச் சொல்ல முந்நூறு பக்கம் எழுதச் சொல்கிறார்கள்!

அண்ணனின் கோபம்

அம்மா ஒரு வழியாகச் சமாதானமானார். அண்ணன் ஆகவில்லை.

அண்ணன் ஒரு மொத்தச் சந்தையில் லோரியிலிருந்து சரக்கு இறக்கும் வேலை பார்த்தார். சில வருடங்களுக்கு முன்னால் முதலாளி அவரை நிறுத்திவிட்டு அகதி இளைஞர்களை வைத்துக்கொண்டார். காரணம் வெளிப்படையானது. அண்ணனுக்குக் கொடுத்த நாள் கூலியில் பாதிதான் அவர்களுக்கு. இ.பி.எப். கட்ட வேண்டாம், சொக்சோ கட்ட வேண்டாம், அடிபட்டால் கேட்க ஆளில்லை. "நீ அவனுங்களுக்குப் பரிந்து எழுது. என் வேலைய யாரு எழுதுவா?" என்று அண்ணன் கேட்டார். வேலை போனவனிடம் மனிதாபிமானம் பேசுவது சுலபம் இல்லை, தோழர்களே. நானும் பேசவில்லை. அவருக்கு ஒரு கதை மட்டும் சொன்னேன்.

1930 மே மாதம். ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகள், பெரும்பாலும் தெலுங்கர்கள், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் கம்பெனிகள் பர்மியரைக் கூட்டி வந்து வேலையில் வைத்தன. பிறகு இந்தியர்களோடு சமரசம் செய்துகொண்டு, பர்மியரைப் போகச் சொல்லிவிட்டன. வேலைக்கு வந்து ஏமாந்த பர்மியரும் வேலைக்குத் திரும்பிய இந்தியரும் துறைமுகத்திலேயே மோதிக்கொண்டார்கள். கலவரம் ஊருக்குள் பரவி நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியக் கூலிகள். கம்பெனிக்காரன் ஒருவனுக்காவது அடிபட்டதா?

அண்ணனின் வேலையைப் பறித்தவன் யார்? பாதிக் கூலிக்கு வந்த இளைஞனா, பாதிக் கூலி கொடுத்தால் போதும் என்று கணக்குப் போட்ட முதலாளியா? அந்த இளைஞனுக்குச் சட்டப்படி வேலை செய்யும் உரிமை இருந்தால் முதலாளி அவனுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி கொடுத்தாக வேண்டும். சொக்சோ கட்டியாக வேண்டும். அப்போது அண்ணனை நிறுத்திவிட்டு அவனை வைப்பதில் முதலாளிக்கு என்ன லாபம்? அகதிக்கு உரிமை இல்லாமல் இருப்பதுதான் நம் கூலியைக் கீழே இழுக்கிறது. பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சோதனை நடக்கும்போது லோரியில் ஏற்றப்படுபவர்கள் பெரும்பாலும் யார் என்று நாம் பார்க்கிறோம்.

அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "கதை நல்லாத்தான் இருக்கு, எனக்கு வேலை இன்னும் இல்ல" என்றார். உண்மைதான். என் ஆய்வு அவருக்கு வேலை வாங்கிக் கொடுக்காது. இந்த வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

முடியாத காரியமா?

அகதிக்கு வேலை உரிமை கொடுத்தால் நாடு தாங்காது என்கிறார்கள். உகாண்டா நம்மைவிட எவ்வளவோ ஏழை நாடு. 2006-இல் போட்ட சட்டப்படி அங்கே அகதிகள் வேலை செய்யலாம், கடை வைக்கலாம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட கணக்குப்படி, தலைநகர் கம்பாலாவில் அகதிகளில் 21 சதவீதம் பேர் குறைந்தது இன்னொருவருக்காவது வேலை கொடுக்கும் தொழில் நடத்தினார்கள். அவர்கள் வேலைக்கு வைத்தவர்களில் 40 சதவீதம் பேர் உகாண்டா குடிமக்கள். இதே உகாண்டாதான் 1972-இல் இடி அமின் காலத்தில் ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னது. அப்போது பிரிட்டனில் லெஸ்டர் நகர மன்றம், "எங்கள் ஊருக்கு வராதீர்கள்" என்று உகாண்டா பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்தது. அதையும் மீறிப் போனவர்கள் வைத்த கடைகளால்தான் அந்த நகரத்தின் கடைத்தெருக்கள் பிழைத்தன என்று இன்று அந்த ஊரே பெருமை பேசுகிறது.

அவ்வளவு தூரம் ஏன்? பக்கத்துத் தாய்லாந்து, எல்லை முகாம்களில் பல்லாண்டு அடைபட்டிருந்த மியன்மார் அகதிகள் வெளியே சட்டப்படி வேலை செய்யலாம் என்று 2025 ஆகஸ்டில் முடிவெடுத்தது. நம் நாடும் செய்திருக்கிறது. எழுபதுகளில் பிலிப்பைன்ஸ் போரிலிருந்து சபாவுக்கு ஓடி வந்தவர்களுக்கு ஐ.எம்.எம். 13 என்ற பாஸ் கொடுத்தார்கள். 2005-இல் ஆச்சே மக்களுக்கும் கொடுத்தார்கள். அதை வைத்து வேலை செய்யலாம். குடிநுழைவுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின் கீழ் அமைச்சர் விலக்கு அளித்தால் போதும். புதுச் சட்டம் கூட வேண்டியதில்லை. 2017-இல் 300 ரோஹிங்யாக்களுக்குத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை கொடுக்க ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள். அது பலன் தரவில்லை. ஊரை விட்டு, சொந்த மக்களை விட்டுத் தூரத்தில் கொண்டுபோய் விடும் வேலைக்குப் பெரும்பாலோர் போகவில்லை. தோட்டத்து வேலையைப் பற்றி நம்மைக் கேட்டிருந்தால் நாமே சொல்லியிருப்போம்!

நாம் என்ன செய்யலாம்?

மூன்று விஷயங்களை மட்டும் கேட்டுவிட்டு முடிக்கிறேன்.

ஒன்று. 2020-இல் நோய்த்தொற்று நேரத்தில் ரோஹிங்யாக்கள் மேல் எவ்வளவு வெறுப்பைக் கைப்பேசியில் பரப்பினார்கள் என்று பார்த்தோம். அதை நம்மவர்களும் பகிர்ந்தார்கள். "வந்தேறி, திரும்பிப் போ" என்ற வார்த்தையை இந்த நாட்டில் நம்மை நோக்கியும் சொல்லியிருக்கிறார்கள். அந்த வார்த்தையை நம் பிள்ளைகள் வாயில் வரவிடாதீர்கள்.

இரண்டு. உங்களில் யாராவது அகதிக்கு வீடோ மேசையோ கடையோ விட்டிருந்தால், சொன்ன வாடகையை நடுவில் மாற்றாதீர்கள். சட்டச் சிக்கல் உங்களுக்கும் உண்டு. தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அவனால் புகார் செய்ய முடியாது என்பதை உங்கள் லாபமாக்கிக்கொள்ளாதீர்கள்.

மூன்று. இதுதான் என் அம்மாவுக்கான பதில். என் ஆய்வில் ஓர் அத்தியாயம் நம் தோட்ட மக்களுக்கு. தோட்டத்தை விட்டு வந்த பிறகு மாலை கட்டியவர்கள், பழைய இரும்பு எடுத்தவர்கள், வடை சுட்டவர்கள், ஒரு வேனை வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியவர்கள் எல்லாரும் அதில் வர வேண்டும். உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் தோட்டத்துச் சம்பளச் சீட்டு, காலி செய்யச் சொன்ன கடிதம், இ.பி.எப். தாள், நிராகரிக்கப்பட்ட உரிம மனு ஏதாவது இருக்கும். குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குக் கொடுக்கக்கூட வேண்டாம், படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறேன். நம் கதையை எழுத ஆளில்லை என்று அம்மா சொன்னார். ஆள் இங்கே நிற்கிறேன், தாள் உங்களிடம் இருக்கிறது.

போன மாதம் அம்மாவை அந்தச் சந்தைக்குக் கூட்டிப் போனேன். பாயிடம் ஒரு கிலோ சின்ன வெங்காயம் வாங்கினார். விலை பேசினார். நன்றாகவே பேசினார், ஐம்பது காசு கூட விடவில்லை. கிளம்பும்போது குனிந்து மேசைக்கு அடியில் பார்த்துவிட்டு, "சக்கரம் வச்சிருக்கான்" என்று என்னிடம் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. பேருந்தில் வரும்போது, "எனக்கும் அப்ப சக்கரம் தோணாம போச்சே" என்றார்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். அண்ணனும் பின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவரையும் பேசச் சொல்லுங்கள்.